பெர்பெச்சுவா டீச்சரின் அட்டைகள்

பெர்பெச்சுவா நசிம்ப்வாவை கம்பாலா நெடுஞ்சாலையோரம் இருக்கிற எங்கள் லுகாயாவில் யாருக்கும் பிடிக்காது. இதை நான் அவர் முதுகுக்குப் பின்னால் சொல்லவில்லை. அவரே சொல்வார், அதுவும் கொஞ்சம் பெருமையோடு. கன்னியர் மடத்தில் சேரப் போனவரை வாய்த்துடுக்கு என்று திருப்பி அனுப்பினார்கள். ஆசிரியர் பயிற்சி முடித்து அரசுப் பள்ளிக்குப் போனார். அங்கே தலைமையாசிரியர் தூங்குவதைப் பிள்ளைகளைக் கூட்டி வந்து காட்டினார் என்று பேச்சு. கடைசியில் எங்கள் ஊருக்கு வந்து, நெடுஞ்சாலைக்குப் பின்புறமுள்ள நர்சரியில் டாப் கிளாஸ் எடுக்க ஆரம்பித்தார். ஒன்றாம் வகுப்புக்கு முந்தைய கடைசி வகுப்பு அது.

"சின்னப் பிள்ளைங்கதான் என்னைத் தாங்கும். அதுங்களுக்குப் புகார் எழுதத் தெரியாது" என்பார். "எழுதத் தெரிஞ்சதும் ஒண்ணாம் வகுப்புக்கு அனுப்பிடுவேன்."

பள்ளி வாசலுக்கு எதிரே என் ஜெராக்ஸ் கடை. காகிதம் வரும் அட்டைப் பெட்டிகளை அவர்தான் எடுத்துப் போவார். நன்றி சொல்லும் பழக்கமெல்லாம் கிடையாது. "இந்தப் பெட்டி நனைஞ்சிருக்கு. உங்க ஊர்ல மத்தவங்களுக்கு இப்படித்தான் குடுப்பீங்களா?" என்று கேட்டுவிட்டு, நனைந்ததையும் சேர்த்தே எடுத்துக்கொள்வார். அதை உள்ளங்கை அகலத்துக்கு வெட்டி, கறுப்பு மையால் அட்டைக்கு ஒரு ஆங்கிலச் சொல்லாக எழுதுவார். தி (the), செட் (said), ஹூ (who), கம் (come), தேர் (there), லிட்டில் (little). எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் வந்து நிற்கிற சொற்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கப் போனால் ஆளைக் குழியில் தள்ளிவிடுகிற சொற்களும் இவைதான். இந்த ஊர் மொழியான லுகாண்டா அப்படியில்லை. தமிழைப் போல, எழுதியிருப்பதை எழுதியபடி வாசித்துவிடலாம். இங்கிலீஷ் அப்படி நேர்மையான ஆள் இல்லை.

"எழுத்தெழுத்தாப் பாக்காதீங்க" என்று வகுப்பில் கத்துவது என் கடைவரை கேட்கும். "உங்க அம்மா வந்தா மூக்கு, காது, பல்லுன்னு எண்ணிப் பாத்துட்டா அம்மான்னு சொல்றீங்க? பாத்ததும் சொல்லுங்க!" அட்டை ஒரு துணிக்குப் பின்னாலிருந்து வெளியே வரும், மூச்சு விடுவதற்குள் உள்ளே போய்விடும். அதற்குள் சொல்ல வேண்டும். அப்புறம் எழுத்து. பிள்ளைகள் ரயில் பெட்டி மாதிரி ஒருவர் பின் ஒருவராக உட்கார்ந்து, முன்னால் இருப்பவர் முதுகில் விரலால் அந்தச் சொல்லை எழுதுவார்கள். சுண்ணக்கட்டி கரையாது, கூச்சத்தில் நெளிகிற முதுகு ஒரு பிழையையும் மறக்காது. இது அவருடைய வழி. மற்ற வகுப்புகளில் பலகையைக் கம்பால் தட்டித் தட்டி எல்லாரும் கோரஸாகக் கத்துவதை அவர் "தவளை வளர்ப்பு" என்று சொல்வார். அந்த வகுப்பு ஆசிரியர்கள் அவரோடு கஞ்சிகூடக் குடிப்பதில்லை.

அந்த வருடம் டாப் கிளாசுக்கு இரட்டையர் வந்தார்கள்.

மூத்தவன் வாஸ்வா, இளையவன் கட்டோ. இங்கே இரட்டை ஆண்பிள்ளைகள் பிறந்தால் வேறு பெயர் கிடையாது. பெற்றவர்களுக்கும் பழைய பெயர் போய்விடும். தாய் நாலோங்கோ, தந்தை சாலோங்கோ. ராஜா வந்தாலும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். இந்த நாலோங்கோ பேருந்து நிறுத்தத்தில் சுட்ட வாழைக்காய் விற்பவர். கம்பாலாவிலிருந்து வரும் வண்டி வேகம் குறைப்பதற்குள் ஜன்னலுக்கு நாலு வாழைக்காய்க் குச்சியை நீட்டிவிடுவார். அந்த நீல ஏப்ரனைக் கண்டால் மற்ற வியாபாரிகள் ஓரடி ஒதுங்குவார்கள். சாலோங்கோ செங்கல் சூளைக்காரர், சத்தம் குறைவு. ஊர்த்தலைவர் அவருடைய அண்ணன்.

இரட்டையருக்கு எதையும் பிரித்துக் கொடுக்கக் கூடாது. ஒருவனுக்குச் சட்டை எடுத்தால் இருவருக்கும். ஒருவனை மட்டும் புகழ்ந்தால் மற்றவன் மனம் கொதிக்கும். அந்தக் கொதிப்பு புகழ்ந்தவன் தோலில் கொப்புளமாக வரும் என்பார்கள். படித்தவர்கள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள், ஆனால் இரண்டு பிஸ்கட்டாகத்தான் நீட்டுவார்கள். அதனால் கீழ் வகுப்புகளான பேபி கிளாசிலும் மிடில் கிளாசிலும் இவர்களை ஒரு தடவைகூடத் தனித்தனியாகக் கேள்வி கேட்டதில்லை. "வாஸ்வா, கட்டோ, எழுந்திருங்க" என்பார்கள். இருவரும் எழுவார்கள். ஒரு குரல் கணீரென்று வரும். இருவருக்கும் ஒரே மதிப்பெண்.

பெர்பெச்சுவா ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தார். குரல் வாஸ்வாவுடையது. கட்டோவின் உதடு மட்டும் அசைகிறது. பெற்ற தகப்பனே தடுமாறுகிற அந்த முகங்களை அவர் முதல் நாளே பிரித்துவிட்டிருந்தார்; பின்னாலிருந்து பார்த்தும் சொல்வார். இருவரையும் பிரித்து, கட்டோவை வாசல் பக்கம் முன் பெஞ்சிலும், வாஸ்வாவைக் கடைசி பெஞ்சிலும் உட்கார வைத்தார். காலையில் வந்ததும் முதல் அட்டை கட்டோவுக்கு என்று சட்டம் போட்டார். இரட்டை வழக்கத்தை உடைக்க வேண்டும் என்றே முதல் அட்டை.

கட்டோ வாயைத் திறக்கவில்லை.

மறுநாளும் திறக்கவில்லை, மாதங்கள் போயும் திறக்கவில்லை. எழுதச் சொன்னால் சிலேட்டை மடியில் வைத்துக்கொண்டு திரும்பிக் கடைசி பெஞ்சையே பார்த்தான். வாஸ்வாவும் சுருங்கிப் போனான். டீச்சர் பக்கத்தில் வருவதற்குள் எழுதியதை முழங்கையால் அழித்துவிடுவான். தம்பியைப் பிரித்த கோபம் என்று எல்லாரும் சொன்னார்கள். பெர்பெச்சுவாவும் அப்படித்தான் நினைத்தார். வாஸ்வாவுக்குத் தெரியும், கட்டோவுக்கு ஒரு சொல்லும் தெரியாது என்று முடிவு கட்டி, கட்டோ இன்னொரு வருடம் டாப் கிளாசிலேயே இருக்கட்டும் என்று பள்ளி டைரக்டரிடம் சொல்லிவிட்டார்.

சேதி வாழைக்காய் வெந்து முடிவதற்குள் பேருந்து நிறுத்தத்துக்குப் போய்விட்டது.

நான் கடை வாசலில் நின்றிருந்தேன். நாலோங்கோ கையில் குச்சிகளோடு அப்படியே பள்ளிக்குள் நுழைந்தார்.

"எங்க அந்தக் கன்னியாஸ்திரி?"

"கன்னியாஸ்திரியா ஆக விடல, நாலோங்கோ" என்றார் பெர்பெச்சுவா, வகுப்பு வாசலில் நின்றபடி. "அதனாலதான் உங்க பையனைக் கட்டிக்கிட்டு அழறேன்."

"எம் பையனுக்குப் படிக்கத் தெரியலையா, இல்ல உனக்குச் சொல்லிக் குடுக்கத் தெரியலையா?"

"ரெண்டு வருஷமாச் சொல்லிக் குடுத்தவங்களைப் போய்க் கேளுங்க. அண்ணன் பேசினான், தம்பிக்கு மார்க்கு. நல்ல பள்ளிக்கூடம்!"

"வயித்துல ஒண்ணா இருந்தவங்களை நீ பெஞ்சுல பிரிச்சு வச்ச. இப்ப வகுப்பையும் பிரிக்கப் பாக்கிற. ஒருத்தன் மேல, ஒருத்தன் கீழ. என் வீடு பத்தி எரியணும், அதான உனக்கு?"

"ஒண்ணாம் வகுப்புல ரெண்டு பிரிவு, நாலோங்கோ. பேரைப் பாத்து ஆளுக்கொரு அறைக்கு அனுப்புவாங்க. அங்க நூறு பிள்ளைங்க. வாத்தியாருக்குப் பிள்ளைங்க முகமே தெரியாது, கம்பு மட்டும்தான் தெரியும். 'தி'ன்னு எழுதியிருந்தா அது 'தி'ன்னு தெரியாத பையன் அங்க என்ன பண்ணுவான்? உங்க வாழைக்காய்க் குச்சியை நீட்டுவானா?"

அதைச் சொல்லியிருக்க வேண்டாம். வேலிக்கு வெளியே வியாபாரிகள் கூடியிருந்தார்கள். வண்டி ஒன்று ஹாரன் அடித்தும் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நாலோங்கோ குச்சிகளைப் படியில் வைத்தார். வைத்துவிட்டு இரண்டு கைகளையும் இடுப்பில் ஊன்றினார்.

"அந்தக் குச்சிதான் உனக்குச் சம்பளம் போடுது, தெரியுமா? எம் பையனுக்கு எல்லாம் தெரியும். உன் மூஞ்சியைப் பாத்தா பேச வரல. எனக்கே வராது."

பெர்பெச்சுவா இடுப்பிலிருந்து டாப் கிளாஸ் சாவியை உருவினார். வகுப்புக்கும் அலமாரிக்கும் ஒரே சாவி. அதை எல்லாரும் பார்க்கத் தூக்கிப் பிடித்தார்.

"ஒரே ஒரு அட்டை. எல்லார் முன்னாலயும் அவன் சரியாச் சொல்லட்டும். இதை உங்க ஏப்ரன் பையில போட்டுட்டு நான் வெளிய போறேன். சொல்லலைன்னா அவன் இங்கதான் இருப்பான். நீங்க வாயை மூடிக்கணும்."

"சாவியைத் தொடைச்சு வை" என்றார் நாலோங்கோ.

அட்டையை யார் காட்டுவது என்று அடுத்த சண்டை. பெர்பெச்சுவா காட்டினால் நாலோங்கோ ஒத்துக்கொள்ள மாட்டார். டைரக்டர் காட்டினால், அவர் பெற்றோரைக் கண்டு நடுங்குகிறவர், உதட்டாலேயே விடையைச் சொல்லிவிடுவார் என்றார் பெர்பெச்சுவா. அப்போதுதான் சாலோங்கோ முதல் தடவையாகப் பேசினார். "எதிர்க்கடை முயிண்டி காட்டட்டும். அவனுக்கு இங்க சொந்தமும் இல்ல, பந்தமும் இல்ல."

முயிண்டி என்றால் இந்தியாக்காரன், நான்தான்.  அந்த மாதம் என் தங்கும் அனுமதியைப் புதுப்பிக்க வேண்டும். ஊர்த்தலைவர் கடிதம் கொடுத்தால்தான் அது நகரும். அவர் சாலோங்கோவின் அண்ணன். மறுபுறம் பள்ளி, என் கடையின் பாதி வேலை அங்கேயிருந்து வருவது. எனக்குக் காய்ச்சல் என்று சொல்லிப் பார்த்தேன்.

"காய்ச்சல்காரர் நேத்து ராத்திரி கறியும் சப்பாத்தியும் சாப்பிட்டதை நான் பாத்தேன்" என்றார் பெர்பெச்சுவா.

வெள்ளிக்கிழமை, கஞ்சி நேரம் முடிந்ததும் பரீட்சை. டாப் கிளாஸ் பிள்ளைகள் வெளியே மாமரத்தடியில் இருந்தார்கள். அறைக்குள் டைரக்டர், பெற்றோர், பெர்பெச்சுவா, நான். ஜன்னல் கம்பிகளுக்கிடையில் வியாபாரிகளின் முகங்கள். ஒருத்தி தலையில் அவித்த முட்டைக் கூடையை இறக்காமலே நின்றாள். டீச்சர் அட்டைக்கட்டை என் கையில் கொடுத்து, "வீசாமத் தூக்குங்க, இது விசிறி இல்ல" என்றார்.

"கட்டோவைக் கூப்பிடுங்க" என்றார் டைரக்டர்.

"வாஸ்வாவைக் கூப்பிடுங்க" என்றார் சாலோங்கோ. "மூத்தவன் இருக்கும்போது இளையவனை முதல்ல கூப்பிடுறது என்ன பழக்கம்?"

"அவனுக்குப் பரீட்சையே இல்லையே. அவனுக்குத்தான் தெரியுமே" என்றார் பெர்பெச்சுவா.

"தெரிஞ்சா அஞ்சு நிமிஷம். அவன் முதல்ல."

"சரி, அஞ்சு நிமிஷம் வீணாப் போகட்டும். ஆனா அவன் படிக்கும்போது கட்டோ காது கேக்காத தூரத்துல இருக்கணும். அண்ணன் சொல்றதைக் கேட்டுட்டு வந்து ஒப்பிக்கறதெல்லாம் நடக்காது. ரெண்டாவது ஆளுக்கு வரிசையும் மாத்திடணும்."

கட்டோவைக் குழாயடிக்குக் கூட்டிப் போனார்கள். வாஸ்வா உள்ளே வந்தான். ஆறு வயது, காலுறை ஒன்று கணுக்காலில், ஒன்று முழங்காலில். நான் முதல் அட்டையைத் தூக்கினேன். செட்.

வாஸ்வா அட்டையைப் பார்த்தான். அப்புறம் வாசலைப் பார்த்தான். அப்புறம் ஜன்னலை.

"கம்" என்றான்.

நான் அடுத்ததைத் தூக்கினேன். தி. "லிட்டில்" என்றான், சத்தமாக, கணீரென்று. ஹூ. அதற்கும் "கம்". குரல் கொஞ்சமும் இறங்கவில்லை. எதைச் சொன்னாலும் அதே நம்பிக்கை. ஜன்னலில் ஒருத்தி சிரிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள்.

பெர்பெச்சுவா என் பக்கம் திரும்பினார். "தலைகீழாப் பிடிச்சிருக்கீங்களா?"

நான் பதறிப்போய்த் திருப்பிப் பார்த்தேன். நேராகத்தான் இருந்தது. இன்னும் சில அட்டைகள். 'கோ' ஒன்றை மட்டும் சரியாகச் சொன்னான். அதற்குமேல் அவனுக்கே பொறுக்கவில்லை.

"கட்டோ எங்க?" என்று கேட்டான்.

 டைரக்டர் இருமினார். "பயந்துட்டான், அவ்வளவுதான். அடுத்தவனைக் கூப்பிடுங்க" என்றார். வாஸ்வாவை மாமரத்தடிக்கு அனுப்பினார்கள். நான் அட்டைகளைக் குலுக்கி வரிசையை மாற்றினேன். இரண்டு அட்டை கீழே விழுந்தது. நாலோங்கோ எடுத்துக் கொடுத்தார், தலைகீழாக.

கட்டோ வாசலில் வந்து நின்றான். நான் அட்டையைத் தூக்கினேன். அவன் அதைப் பார்க்கவே இல்லை, தகப்பனைப் பார்த்தான்.

"வாஸ்வா படிச்சிட்டானா?"

"படிச்சிட்டான்" என்றார் சாலோங்கோ.

"முடிச்சிட்டானா?"

"முடிச்சிட்டான்டா."

கட்டோ அட்டையைப் பார்த்தான். "தேர்" என்றான். மெல்லிய குரல், பக்கத்தில் இருப்பவனுக்கு மட்டும் கேட்கிற குரல். அடுத்தது "செட்." அடுத்தது "ஹூ." நான் தூக்குவதற்கும் அவன் சொல்வதற்கும் நடுவே இடைவெளியே இல்லை, மொச்சை உரிப்பது போல ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தது. கட்டு தீர்ந்தது. ஒன்றுகூடத் தப்பவில்லை.

பெர்பெச்சுவா என் கையிலிருந்த கட்டைப் பிடுங்கி மேசைமேல் வைத்தார். ஒரு சிலேட்டை அவன் முன்னால் தள்ளினார். "லிட்டில். எழுது." எழுதினான். "வென்ட். எழுது." அது அட்டைக்கட்டிலேயே இல்லாதது, எப்போதோ கதை சொல்லும்போது பலகையில் ஒரு தடவை எழுதியிருந்தார். எழுதினான்.

"ஏன்டா எங்கிட்ட சொல்லல?" பெர்பெச்சுவா சிலேட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "தினமும் கேட்டனே. தினமும் முதல்ல உன்னைத்தானே கேட்டேன்?"

"ஆமா டீச்சர். முதல்ல என்னையே கேட்டீங்க" என்றான் கட்டோ.

நாலோங்கோ வீட்டில் குளிப்பாட்டுவது வாஸ்வாவை முதலில். தட்டு வைப்பது அவனுக்கு முதலில். வெளியூருக்குப் போனால் வண்டியில் ஏறுவதும் அவனே முதலில். அண்ணன் வாய் திறக்காமல் தம்பி வாய் திறக்க மாட்டான். மூச்சு விடுகிறோம் என்று யாராவது ஆசிரியரிடம் போய்ச் சொல்வார்களா? பெர்பெச்சுவாவும் இந்த மண்ணில் பிறந்தவர்தான், இதெல்லாம் தெரிந்தவர்தான். பிடிக்காததால் தெரியாத மாதிரி நடந்துகொண்டார். வகுப்பில் வாஸ்வா கணீரென்று சொன்னதெல்லாம் பக்கத்திலிருந்து கட்டோ முணுமுணுத்துக் கொடுத்தது. அண்ணனைக் கேட்டார்கள், தம்பி எடுத்துக் கொடுத்தான், அண்ணன் சொன்னான். அவர்கள் கணக்கில் அதில் ஏமாற்று எதுவும் இல்லை. முதுகில் எழுதும்போதும் வாஸ்வா முன்னால், கட்டோ பின்னால். அத்தனை நாளும் எழுதிய விரல் கட்டோவுடையது. வாஸ்வா கூச்சத்தில் நெளிந்ததோடு சரி.

ஜன்னலில் குலவைச் சத்தம் கிளம்பியது. முட்டைக் கூடைக்காரி இரண்டு முட்டையைக் கம்பி வழியாக நீட்டினாள். ஒன்றை நீட்டினால் வம்பு. நாலோங்கோ எதையும் பார்க்கவில்லை. பெர்பெச்சுவாவின் முன்னால் போய் ஏப்ரன் பையை விரித்துக் காட்டினார்.

"போடு."

பெர்பெச்சுவா சாவியைப் போட்டார். உள்ளே கிடந்த சில்லறையோடு அது மோதும் சத்தம் கேட்டது. சொன்ன சொல்லை மீறுகிறவர் இல்லை அவர். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் வெளியே நடந்தார். என்னைத் தாண்டும்போது மட்டும், "உங்க பெட்டியில பாதி ஈரம்" என்றார்.

அப்போதுதான் சாலோங்கோ மெல்லக் கேட்டார். "அப்ப வாஸ்வா?"

குலவை நின்றது.

"ரெண்டு பேருக்கும் பாஸ் போட்டுடலாம். பிரச்சினையே இல்ல" என்றார் டைரக்டர்.

"போட்டு? ஆளுக்கொரு அறையில உக்கார வச்சா, அவனுக்கு யாரு எடுத்துக் குடுப்பா?" என்றார் சாலோங்கோ. "இல்ல, இளையவன் மேல போய் மூத்தவன் கீழ நிக்கணுமா?"

 நாலோங்கோ ஏப்ரன் பைக்குள் கையை விட்டு அந்தச் சாவியைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஜன்னலுக்கு வெளியே மாமரத்தடியில் வாஸ்வா மற்ற பிள்ளைகளுக்கு ஏதோ கட்டளை போட்டுக்கொண்டிருந்தான், கணீரென்று.

திங்கட்கிழமை டாப் கிளாஸ் பூட்டியே கிடந்தது. பிள்ளைகள் வாசலில் ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டிருந்தார்கள். பெர்பெச்சுவா தங்கியிருந்த அறை என் கடைக்குப் பின்னால், ஒரே சுவர். அவர் துணி மடித்துப் பெட்டியில் வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு நாலோங்கோ வந்து கதவைத் தட்டுவதும் கேட்டது.

"திற."

"என்ன, ஜெயிச்சவங்களுக்கு இன்னும் ஏதாவது பாக்கி இருக்கா?"

"வந்து கிளாசைத் திற."

"சாவி உங்க பையில. ஒரு அட்டை சொன்னா போறேன்னு சொன்னேன். மொத்தக் கட்டும் சொன்னான். நான் திறக்க மாட்டேன்."

"சொன்ன சொல்லு உனக்குச் சோறு போடுமா?"

"இது வரைக்கும் போடல."

ஏப்ரன் பையில் சாவி சில்லறையோடு குலுங்கும் சத்தம் கேட்டது. பிறகு நாலோங்கோ சொன்னார்: "சரி. நான் திறக்கறேன். நீ உள்ள போ."

அப்படித்தான் நடந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு காலையும் கரி வாசனையோடு நாலோங்கோ வந்து டாப் கிளாசைத் திறப்பார். பெர்பெச்சுவா உள்ளே போவார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. பிள்ளைகள் வருவதற்கு முன் வாஸ்வாவுக்குத் தனிப் பாடம். கட்டோ முணுமுணுக்க முடியாத தூரத்தில், மாமரத்தடியில் உட்கார வேண்டும். நாலோங்கோ வாசலில் குந்தியிருப்பார். தன் பிள்ளையிடம் டீச்சர் எப்படிப் பேசுகிறார் என்று பார்க்க.

அட்டையில் வாஸ்வா ஓரளவு தேறினான். எழுதத்தான் வரவில்லை. பெர்பெச்சுவா கட்டோவைக் கூப்பிட்டு முன்னால் உட்கார வைத்தார். "வாஸ்வா, தம்பி முதுகுல எழுது."

"ஏய்!" நாலோங்கோ எழுந்துவிட்டார். "மூத்தவனைப் பின்னால உக்கார வைக்கிறியா? இன்னும் புத்தி வரலையா உனக்கு?"

"முதுகு முன்னாலதான் இருக்கும், நாலோங்கோ. எழுதுற விரல் பின்னாலதான் இருக்க முடியும். வேற மாதிரி செய்யணும்னா ஆண்டவன்கிட்டப் பேசுங்க."

"கட்டோ முன்னால உக்கார மாட்டான்."

கட்டோ ஏற்கெனவே எழுந்து போயிருந்தான்.

"அப்ப யாரு முதுகுல எழுதறது? என் முதுகுலயா? நான் பலகைக்கிட்ட நிக்கணும். முயிண்டியைக் கூப்பிடவா?"

நான் கடைக்குள் தலையை இழுத்துக்கொண்டேன். திரும்ப எட்டிப் பார்த்தபோது, நாலோங்கோ ஏப்ரனைச் சுருட்டிக்கொண்டு, முழங்கால் காதுவரை வர, அந்தச் சின்ன பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். முகம் சுவரைப் பார்த்து. வாஸ்வா பின்னால். தாய் முன்னால் உட்கார்ந்தால் எந்த வழக்கமும் உடையாது.

"எழுதுடா. செட்" என்றார் பெர்பெச்சுவா.

வாஸ்வா எழுதினான்.

"என்ன எழுதினான்?"

"எனக்கெப்படித் தெரியும்? அது உன் வேலை" என்றார் நாலோங்கோ சுவரைப் பார்த்து.

"விரல் எங்க திரும்புச்சுன்னாவது தெரியுமில்ல?"

"உன் நாக்கைவிட மெதுவாத் திரும்புச்சு."

இப்படியே வாரங்கள் போயின. பேருந்துகள் வரும் நேரத்தில் அந்த அகலமான முதுகு பள்ளியில் இருந்தது. ஜன்னல் ஜன்னலாக அவர் வியாபாரத்தை மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அதற்கும் திட்டு பெர்பெச்சுவாவுக்குத்தான். ஒரு நாள் காலை வாஸ்வா எழுதி முடித்ததும், பெர்பெச்சுவா கேட்பதற்கு முன்பே நாலோங்கோ தோளை உலுக்கினார்.

"இது இல்ல. நேத்து செட்டுன்னு எழுதினப்ப நடுவுல ஒரு புள்ளி குத்தினான். இன்னிக்குக் குத்தல. அழிச்சிட்டு எழுதச் சொல்லு."

"முதுகுல எப்படி அழிக்கிறது?" என்றான் வாஸ்வா.

பெர்பெச்சுவா தன் கைத்துணியால் நாலோங்கோவின் முதுகைப் பலகை துடைப்பது போலத் துடைத்தார், தேவைக்கு அதிகமாகவே அழுத்தி. "எழுது" என்றார்.

வருடக் கடைசி விழாவில் பக்கத்து நகரமான மசாகாவிலிருந்து வாடகைக்கு வந்த குட்டிப் பட்டமளிப்பு அங்கிகளைப் போட்டுக்கொண்டு டாப் கிளாஸ் மேடையேறியது. எல்லாப் பிள்ளைகளையும் கூட்டத்தின் முன்னால் தனித்தனியாக வாசிக்க வைப்பேன் என்று பெர்பெச்சுவா அடம்பிடித்திருந்தார். வாஸ்வா முதலில் வந்தான். ஒரு அட்டையில் தடுக்கி நின்றான். கட்டோ இரண்டு கைகளாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டு நின்றான். கூட்டம் காத்திருந்தது. வாஸ்வா அங்கிக்குள்ளிருந்து விரலை எடுத்துக் காற்றில் மெதுவாக எழுதிப் பார்த்தான், நடுவில் ஒரு புள்ளி குத்தினான், "செட்" என்றான். பிறகு மிச்சத்தையும் சொன்னான். அதன் பிறகு கட்டோ வந்து, யாருக்கும் கேட்காத குரலில், எல்லாவற்றையும் சொன்னான்.

இருவரும் மேலே போனார்கள். ஒன்றாம் வகுப்பில் ஆளுக்கொரு பிரிவு. என் அனுமதியும் நகர்ந்தது. கடிதம் கொடுக்கும்போது ஊர்த்தலைவர், "அட்டையைத் தலைகீழாப் பிடிச்ச முயிண்டி நீதானா?" என்று கேட்டார். நான் மறுக்கவில்லை.

விழா முடிந்து நாற்காலிகளை அடுக்கும்போது நாலோங்கோ டாப் கிளாசுக்குள் போய்ச் சாவியை மேசையில் வைத்தார். வைத்த விதத்தில் மேசை அதிர்ந்தது.

"இந்தா. வச்சுக்க. அடுத்த வருஷம் என் தங்கச்சி பொண்ணு வர்றா. அவளை எப்படி நடத்துறன்னு பாக்கறேன்."

"அவளுக்கு முன்னாடியும் யாராவது வாயைத் திறக்கணுமா? இப்பவே சொல்லிடுங்க."

"அவ ஒத்தைப் பிள்ளை."

"அப்பாடா" என்றார் பெர்பெச்சுவா.

நாலோங்கோ வாசல் வரை போய்த் திரும்பினார். "ஆனா என் மாதிரி பேசுவா" என்றார்.

இன்றைக்கும் பெர்பெச்சுவா சுட்ட வாழைக்காய் வாங்கப் போனால், அந்த நீல ஏப்ரன் அடுப்போரம் கருகியதாகப் பார்த்துத்தான் எடுத்துக் கொடுக்கிறது. பெர்பெச்சுவா அதை அங்கேயே நின்று, கருகல் என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே, முழுசாகத் தின்றுவிட்டு வருகிறார். வேறு யாரிடமும் வாங்குவதில்லை.